பொருள்: சுண்ணாம்புக் கட்டடத்தில் நீங்கள் செய்த ஏசி, வயரிங் வேலை குறித்த புகார்

அனுப்புநர்: செயலாளர், பொது வாசகசாலை நிர்வாகக் குழு
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

எங்கள் வாசகசாலை நூறு வருடம் தாண்டிய கட்டடம். ஊர்க்காரர்கள் கொடுத்த பணத்தில் இரண்டு வருடமாகப் பழுதுபார்த்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்துப் பூசினோம். அதன் பிறகுதான் ஏசி, வயரிங், கேமரா வேலைகளை உங்களிடம் ஒப்படைத்தோம். வயர் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டக் கூடாது, மேல்தளத்தில் ஓட்டை போடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டையும் மீறிவிட்டீர்கள்.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். எங்கள் பக்கம் கட்டைக்குத்துத் தளம் என்போம். தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். கம்பி கிடையாது. ஒரு கல்லை இன்னொரு கல் பிடித்துக்கொண்டுதான் அந்தத் தளம் நிற்கிறது. உங்கள் ஆட்கள் ஏசியின் செப்புக்குழாய்க்காக அதில் மூன்று இடத்தில் மெஷின் வைத்துத் துளைத்துவிட்டு, சுற்றிலும் சிமென்ட் அடைத்துப் போய்விட்டார்கள். முதல் மழையிலேயே ஒழுகியது. போன் செய்தால், "பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் உங்கள் பொறியாளர். ஆகாது ஐயா. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் அதை வெளியே விடாது. காடி வெட்டி சிமென்ட் பூசிய இடங்களின் ஓரமெல்லாம் இப்போது உப்புப் பூத்து உதிர்கிறது.

ஏசித் தண்ணீர் வடியும் குழாயையும் தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்திலேயே விட்டிருக்கிறீர்கள். உத்திரத்தின் முனை எப்போதும் நனைந்தே கிடக்கிறது. முனை உளுத்தால் அந்த உத்திரமே போய்விடும். அப்படி ஒரு தேக்குக்கு இன்று நாங்கள் எங்கே போவோம்?

இதைவிடப் பயமாக இருப்பது வேறு. உத்திரத்தின் மேலேயே வயர்களை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். பெட்டிகூட இல்லை. 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தின் பழைய அரண்மனைக் கட்டடமான கலச மகால் எரிந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. மரமும் புத்தகமும் நிறைந்த எங்கள் கட்டடத்தில் ஒரு பொறி போதும்.

எனவே முதலில், இந்த வாரமே, மின் இணைப்புகளை மரத்திலிருந்து எடுத்து உலோகப் பெட்டிகளுக்குள் வையுங்கள். வடிகுழாயை வெளிச்சுவர் வழியாக இறக்குங்கள். அப்புறம் சிமென்டைக் கையால் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து அடைக்க வேண்டும். ஆளை நாங்களே காட்டுகிறோம், கூலி உங்களுடையது. செப்புக்குழாயை ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரம் வழியாகக் கொண்டுபோகலாம் என்று அன்றே சொன்னோம். இப்போதாவது அப்படிச் செய்யுங்கள். எர்த்திங் சோதித்த அறிக்கையும் வயரிங் வரைபடமும் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.

இவை முடியும்வரை மீதித் தொகையைத் தர இயலாது. படங்களை இணைத்திருக்கிறேன். பெரிய அறையின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி வைத்திருக்கிறோம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தத் தேதியில் ஆள் வருவார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்