டயானா ட்ருஹியோவுக்கு, அந்த நடு வருடங்களைப் பற்றி

அன்புள்ள டயானா,

வணக்கம். இது உங்கள் கண்ணில் படுமா, யாராவது மொழிபெயர்த்துச் சொல்வார்களா, தெரியாது. இருந்தாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கூடவே தமிழ் வாசகர்களும் படிக்கட்டும்.

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் மக்களுக்கான இரண்டு வருடக் கல்லூரி) மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் கணிசமான பேர் மெக்சிகோ, எல் சால்வடார், குவாத்தமாலா என்று லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த பெண்கள். முப்பதைத் தாண்டியவர்கள், வேலையிலிருந்து நேராக வகுப்புக்கு வருபவர்கள். இவர்களை உற்சாகப்படுத்த வேண்டுமென்றால் எல்லோரும் எடுப்பது உங்கள் கதையைத்தான். கொலம்பியாவில் காலி என்ற ஊரில் பிறந்தவர். 17 வயதில் 300 டாலரோடு, ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்கா வந்தார். வீடுகளைச் சுத்தம் செய்து படித்தார். நாசாவில் சேர்ந்தார். இவ்வளவில் கதை முடிந்துவிடுகிறது.

கேட்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் கண் கலங்குகிறது. ஆனால் மறுநாள் காலை கால்குலஸ் பாடத்தில் சேர வேண்டியவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "படித்தார்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. நான் பேச விரும்புவது அந்த வருடங்களைப் பற்றி.

மயாமி டேட் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பதிலிருந்து நீங்கள் தொடங்கினீர்கள். 1960இல் திறந்த கல்லூரி அது. மதிப்பெண்ணைக் காட்டி யாரையும் வாசலில் நிறுத்தாத இடம். கியூபாவை விட்டு வந்தவர்கள் தொடங்கி எத்தனையோ குடியேறிகள் அதன் வழியாகத்தான் அமெரிக்கப் படிப்புக்குள் நுழைந்திருக்கிறார்கள். அங்கிருந்து கெயின்ஸ்வில்லில் இருக்கும் ஃபுளோரிடா பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் டிப்ளமோ முடித்துவிட்டு இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி வழி. அப்புறம் நாசா மாணவர்களுக்கு நடத்தும் பயிற்சித் திட்டமான நாசா அகாடமி. குடியேறிய ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் மரபில் வந்த) பெண்களில் அதற்குத் தேர்வான முதல் ஆள் நீங்கள். அங்கே பார்த்த ரோபாட்டிக்ஸ் நிபுணர் ஒருவரின் பேச்சைக் கேட்டு மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2007இல் விண்வெளிப் பொறியியல் பட்டம் வாங்கினீர்கள்.

அமெரிக்காவில் கல்லூரிகளின் பட்டம் பெறும் விகிதத்தை நெடுங்காலமாக எப்படிக் கணக்கிட்டு வந்தார்கள் என்று பாருங்கள். முதல் முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நான்கு வருடப் படிப்பை அதே கல்லூரியில் ஆறு வருடத்துக்குள் முடித்தால்தான் முடித்தவர். பாதியில் வேறு கல்லூரிக்குப் போனவர் அங்கே தங்கப் பதக்கமே வாங்கினாலும், பழைய கல்லூரியின் கணக்கில் முடிக்காதவர். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கிறவர் இந்தக் கணக்கிலேயே இல்லை. பிற்பாடு இவர்களையும் சேர்த்துப் பார்க்கும் கணக்குகள் வந்தன. ஆனாலும் என் மாணவிகள் "நான் லேட்" என்று தாங்களாகவே சொல்லிக்கொள்வது நிற்கவில்லை. யாரைவிட லேட் என்று கேட்டால் பதில் வராது.

உண்மையில் அவர்களைத் தாமதப்படுத்துவது பாடங்களின் சங்கிலி. முதல் கால்குலஸ் முடித்தால்தான் இரண்டாவது. அதையும் முடித்தால்தான் மூன்றாவதும் டிஃபரென்ஷியல் சமன்பாடுகளும். இயற்பியலுக்கு இன்னொரு வரிசை, அது முடிந்தால்தான் விசைகளின் சமநிலையைப் படிக்கும் ஸ்டாட்டிக்ஸ். சில பாடங்களை வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள், அதுவும் பகலில். வேலையில் ஷிஃப்ட் மாறினால் ஒரு பாடம் போகும். ஒரு பாடம் போனால் ஒரு வருடம் போகும். படிப்பு வரவில்லை என்று நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போய் நின்றவர்களைத்தான் பார்க்கிறேன். நல்ல மூளைகள், டயானா. மனசு ஆறுவதில்லை.

உங்கள் அம்மா மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வயிற்றில் வந்ததால் படிப்பை விட்டவர் என்று படித்தேன். அந்த அம்மாவைப் போன்றவர்கள்தான் பதினைந்து, இருபது வருடம் கழித்து என் வகுப்பில் வந்து உட்கார்கிறார்கள்.

செவ்வாய்க்கு நாசா அனுப்பிய கியூரியாசிட்டி ஊர்தியில் உங்கள் பொறுப்பில் இருந்த தூசி நீக்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டைத் துடைத்த கை செவ்வாயைத் துடைத்தது என்று ஒரு வரி எழுதிக் கைதட்டல் வாங்கிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோபோக் கையின் நுனியில் மோட்டாரில் சுழலும் கம்பித் தூரிகை அது. செவ்வாயில் எல்லாப் பாறைமேலும் செந்தூசி படிந்திருக்கிறது. பாறையின் வேதியியலை அளக்கும் எக்ஸ்-ரே கருவி மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும். தூசியைத் தள்ளாவிட்டால் அது பாறைக்குப் பதிலாகத் தூசியை அளந்துவிடும். மோட்டார் சிக்கிக்கொண்டால் போய்ச் சரிசெய்ய அங்கே ஆள் கிடையாது. 2013 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு பாறையைத் துலக்கியதற்குப் பின்னால் இருந்தது கணக்கும் இயற்பியலும், அலுக்காமல் செய்த சோதனைகளும். அந்தப் படிப்பைத்தான் என் மாணவிகள் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து படிக்கிறார்கள். அதன் பெருமை அதற்கே சேரட்டும்.

2021 பிப்ரவரி 18 அன்று பெர்செவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியபோது நீங்கள் ஸ்பானிய மொழியில் நேரலை நடத்தினீர்கள். வேறொரு கோளில் தரையிறங்குவதை நாசா அந்த மொழியில் ஒளிபரப்பியது அதுவே முதல் தடவை. பிள்ளை என்ன படிக்கிறாள் என்று அதுவரை புரியாத பாட்டிமார்கள் கூட உட்கார்ந்து பார்த்தார்கள் என்று என் மாணவிகள் சொன்னார்கள். ஐந்து மூட்டுகளும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்ட அந்த ஊர்தியின் ரோபோக் கை பற்றி வீட்டில் பேச்சு நடந்ததாம். அதற்கு உங்களுக்கு நன்றி. அடுத்த வருடமே விண்வெளிப் பயணங்களை வழிநடத்தும் ஃபிளைட் டைரக்டராக நீங்கள் தேர்வானதையும் வகுப்பில் சொன்னேன்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அடுத்த முறை மாணவர்களிடம் பேசும்போது அந்த நடு வருடங்களை விரிவாகச் சொல்லுங்கள். எந்தப் பாடம் உங்களைப் படுத்தியது? வேலை நேரத்தை மாற்றிக்கொடுத்தவர் யார்? ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது எத்தனை பாடங்களை ஏற்றுக்கொண்டார்கள், எவற்றை மறுபடி எழுத வைத்தார்கள்? ஸ்பானிய மொழியிலேயே சொல்லுங்கள். ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருவர் அடுத்த பருவத்தில் இயற்பியல் எடுப்பதா, ஒரு வருடம் தள்ளிப்போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். பதிவு இன்னும் மூடவில்லை.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியை