திருடியவளே சொல்லும் கதை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றறிந்து பெரிய நிம்மதி. இங்கே வீட்டில் அனைவரும் நலம். அண்மையில் என்ன படித்தேன் என்று கேட்டிருந்தீர்கள். ஆர்.எஃப். குவாங்கின் ‘யெல்லோஃபேஸ்’ என்ற நாவலை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். 2023இல் வெளியான அந்த நூல் இன்னும் என்னை விடவில்லை.

ஜூன் ஹேவர்டு என்ற வெள்ளையினப் பெண்ணின் முதல் நாவல் கவனிப்பாரின்றிப் போகிறது. அவளுடைய கல்லூரித் தோழியும் சீன வம்சாவளியினருமான அதீனா லியூவோ புகழின் உச்சியில் இருக்கிறாள். ஓர் இரவு பான்கேக் தொண்டையில் அடைத்து அதீனா இறந்துபோக, வேறு யாரும் பார்த்திராத அவளுடைய தட்டச்சுப் பிரதியை ஜூன் எடுத்துச் சென்று தன் பெயரில் வெளியிடுகிறாள். கதை முழுவதையும் ஜூனே சொல்கிறாள். தோழிக்குத் தான் தொண்டுதான் செய்தேன் என்று அவள் அடுக்கும் நியாயங்களைக் கேட்டுக்கொண்டே போகையில் நாமும் எங்கோ ஓரிடத்தில் தலையாட்டிவிடுகிறோம். அந்த இடத்தில் எனக்கு உடல் கூசியது.

திருடப்பட்ட கதை எதைப் பற்றியது என்பதுதான் முக்கியம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனும் பிரான்சும் சீனாவிலிருந்து, பெரும்பாலும் ஷான்டோங் மாகாணத்திலிருந்து, ஏறத்தாழ 1,40,000 தொழிலாளர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோயின. பதுங்குகுழி வெட்டியவர்களும் மூட்டை சுமந்தவர்களும், போர் ஓய்ந்த பின் வெடிக்காத குண்டுகளை அகற்றிப் பிணங்களைப் புதைத்தவர்களும் அவர்கள். பிரிட்டன் அழைத்துச் சென்றவர்களின் மணிக்கட்டில் எண் பொறித்த உலோகக் காப்பு பூட்டப்பட்டிருந்தது. மேலதிகாரிகளுக்கு அவர்கள் பெயர் வேண்டியிருக்கவில்லை. பாரிசில் தீட்டப்பட்ட மாபெரும் போர் ஓவியம் ஒன்றில் அவர்களுக்கும் இடம் இருந்தது. 1917இல் அமெரிக்கா போரில் சேர்ந்ததும், அமெரிக்கர்களை வரைவதற்காக அவர்கள்மேல் வண்ணம் பூசிவிட்டார்கள்.

நாவலில் ஜூனும் அவளுடைய பதிப்பாசிரியரும் செய்வதும் அதே வேலைதான். கொடுமை செய்யும் வெள்ளையன் ஒருவனைச் சீனனாக்குகிறார்கள். துணிந்து பேசும் சீனத் தொழிலாளி ஒருவனை இரக்கமுள்ள வெள்ளை விவசாயியாக்குகிறார்கள். பிரதியைத் திருடியதைவிட இந்தத் திருத்தமே பெரிய களவு என்று நினைக்கிறேன். சீனப் பின்னணி உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுக்கலாம் என்று சொன்ன கேண்டிஸ் என்ற இளம் உதவியாளர் அந்த நூலின் பணியிலிருந்தே விலக்கப்படுகிறார். பிறகு, தாய் வைத்த, சீனப் பெயர்போல ஒலிக்கும் ‘சாங்’ என்ற நடுப்பெயர் கைகொடுக்க, ஜூன் ‘ஜூனிப்பர் சாங்’ ஆகிறாள்.

இது மிகை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் 2015இல் மைக்கேல் டெரிக் ஹட்சன் என்ற வெள்ளையினக் கவிஞர், தன் பெயரில் 40 முறை திருப்பி அனுப்பப்பட்ட கவிதையை ‘யீ-ஃபென் சௌ’ என்ற சீனப் பெயரில் அனுப்பி, அந்த ஆண்டின் சிறந்த அமெரிக்கக் கவிதைகள் தொகுப்பிலேயே இடம்பெறச் செய்தார். வெள்ளையருக்கு இப்போது வாய்ப்பே இல்லை என்று ஜூன் புலம்பும்போதெல்லாம் எனக்கு இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது: 2018இல் வெளியான அமெரிக்கப் புனைவு நூல்களை ஆராய்ந்த நியூயார்க் டைம்ஸ் கட்டுரையின்படி, அவற்றில் 89 விழுக்காடு வெள்ளையர் எழுதியவை.

அதீனாவையும் குவாங் புனிதையாக்கவில்லை. கல்லூரி நாட்களில் ஜூன் அழுதுகொண்டே சொன்ன சொந்தத் துயரத்தை அதீனா கதையாக எழுதி அச்சேற்றியிருந்தாள். அந்தப் பக்கங்களைப் படித்தபோது உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் ஓராண்டு உழைத்துச் செய்த மொழிபெயர்ப்பு வேறொருவர் பெயரில் அச்சாகி வந்த அன்று, அந்த நூலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தீர்களே, அந்த மாலை எனக்கு மறக்கவில்லை.

நூலை நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதீனா எடுத்ததும் ஜூன் எடுத்ததும் ஒரே தராசில் நிற்குமா என்று எனக்கு எழுதுங்கள். நிற்காது என்பது என் எண்ணம். ஆனால் இதில் உங்கள் தீர்ப்பைத்தான் கேட்க விரும்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்