சந்தக்பூவிலிருந்து பலூட் வரை எங்களைக் கொண்டு சேர்த்தவர்களுக்கு

வழிகாட்டி தாஜுவுக்கும் (நேபாளியில் அண்ணன்), சுமை தூக்கி வந்த தம்பிகளுக்கும், சபர்கிராம் முகாம் ஜவான்களுக்கும், பலூட் குடிலின் சமையலறை தீதிக்கும் (அக்கா) எங்கள் ஐந்து பேரின் வணக்கம்.

இது தமிழில் இருக்கிறது, நீங்கள் படிக்கப்போவதில்லை. உங்களுக்கு இந்தியில் தனியாக எழுதி அனுப்பிவிட்டோம். அது நாலே வரிதான், எங்கள் இந்தி அவ்வளவுதான். அதில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து அடுத்த சீசனில் சிங்கலீலாவுக்குக் கிளம்புகிறவர்கள், யாரை நம்பி அந்த மலையில் நடக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

அவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கலீலா என்பது மேற்கு வங்கத்துக்கும் நேபாளத்துக்கும் நடுவே எல்லையாக ஓடும் மலைமுகடு. சந்தக்பூ 3636 மீட்டர், பலூட் 3600 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் அதிகம். இரண்டுக்கும் நடுவில் 21 கிலோமீட்டர், முகட்டை ஒட்டியே ஏறி இறங்கிப் போகும் பாதை. காலையில் ஒரு குடிலில் எழுந்து இரவு இன்னொரு குடிலில் படுக்க வேண்டும். வழியில் ஊர் கிடையாது, கடை என்று நம்பிப் போக ஒன்றும் கிடையாது. எல்லைக்கல்லின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றால் இந்தியா, அந்தப் பக்கம் நகர்ந்தால் நேபாளம்.

தாஜு, முதல் நன்றி நாலு மணிக்குக் கதவைத் தட்டியதற்கு. அப்போது உங்களைத் திட்டினோம். வெளியே வந்த பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வடக்கே பனிச்சிகரங்கள் சேர்ந்து, கும்பகர்ணா தலையாக, கஞ்சன்ஜங்கா வயிறாக, பண்டிம் பாதமாகப் புத்தர் மல்லாந்து படுத்திருந்தார். மேற்கே லோட்சே, எவரெஸ்ட், மக்காலு மூன்றும் ஒரே கொத்தாக நின்றன. பக்கத்தில் ஒரு கூட்டம் மக்காலுவை எவரெஸ்ட் என்று நினைத்து மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மக்காலு நமக்குக் கிட்டத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது, பின்னால் சின்னதாக எட்டிப் பார்ப்பதுதான் எவரெஸ்ட் என்று எங்களுக்கு மட்டும் காதோடு சொன்னீர்கள். அவர்களைச் சங்கடப்படுத்தாமல் சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

ஏப்ரலில் அங்கே காலை தெளிவாக இருக்கும், மதியம் ஆனால் மேகம் ஏறிவிடும். அதனால்தான் ஆறு மணிக்கே நடக்கவைத்தீர்கள். முதல் சில மணி நேரம் சொர்க்கம். புல்வெளி, பட்டுப்போய் வெள்ளையாக நிற்கும் ஃபிர் மரங்கள், சரிவில் சிவப்பும் வெளிர்சிவப்புமாய் குராஸ் (ரோடோடென்ட்ரான்) பூக்கள். அப்புறம்தான் நண்பரின் ஷூ பிளந்தது.

புது ஷூ என்றுதான் அவர் சொன்னார். ஐந்து வருடம் பரணில் இருந்த புது ஷூ! போடாமலே வைத்திருந்தாலும் அடிப்பாகத்து பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் இற்றுப்போகும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வலது கால் அடி மொத்தமாகக் கழன்று, குதிகாலில் மட்டும் தொங்கியது. மலையில் ஒரு ஷூ போனால் ஒரு ஆள் போன மாதிரி. தாஜு கீழே உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் குழுவில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை, எல்லோரும் ஐம்பதை ஒட்டியவர்கள், கூச்சமாகத்தான் இருந்தது. மூங்கில் கூடையைக் கட்டியிருந்த நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டினார். அடிப்பாகத்தில் கத்தி முனையால் இரண்டு துளை போட்டு, கயிற்றை அதில் கோர்த்து, புறங்காலில் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சைப் பக்கவாட்டில் வைத்தார், இல்லாவிட்டால் இறக்கத்தில் காலை அறுக்குமாம்.

அந்தக் கட்டு சபர்கிராம் வரை தாங்கியது. சந்தக்பூவிலிருந்து 14 கிலோமீட்டரில் இருக்கும் இந்த இடத்தில் எல்லையைக் காக்கும் சசஸ்த்ர சீமா பல் முகாம் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கிளம்புவதுதான் அங்கே நமக்கு வேலை. ஜவான் ஒருவர் அட்டையைப் பார்க்கும் முன்பே காலைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய வண்டி டியூப் ஒன்றைக் கொண்டுவந்து, வளையம் வளையமாக நறுக்கி, கயிற்றின் மேலேயே மாட்டிவிட்டார். கூடவே ஆளுக்கொரு கோப்பை இஞ்சி டீ. காசு நீட்டியபோது முறைத்த முறைப்பில் பர்ஸ் தானாகவே பைக்குள் போய்விட்டது. ஜவான் சாப், உங்கள் டியூப் ஊர் வந்து சேரும் வரை அறுந்துபோகவில்லை.

பிறகு மேகம் வந்தது. பத்தடி தள்ளிப் போகிறவர் தெரியவில்லை, ஆலங்கட்டி மழை, தூரத்தில் இடி. எங்களுக்கு ஓடத் தோன்றியது. தாஜு ஓடவிடவில்லை. முகட்டின் உச்சியை விட்டு ஒரு பக்கச் சரிவில் இறக்கி, ஊன்றுகோல்களைத் தள்ளிப் போடச் சொல்லி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் குந்தவைத்தார். சுமையோடு முன்னால் போய்விட்ட தம்பிகள், கூடையை எங்கோ இறக்கி வைத்துவிட்டு எங்களைத் தேடித் திரும்பி வந்தார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சம்பளம் பேசவில்லை.

பலூட் போய்ச் சேர்ந்தால், எங்கள் பெயரில் அறையே இல்லை. ஊரிலிருந்து பணம் வாங்கிக்கொண்ட முகவர் பதிவு செய்யவே இல்லை. அவரைப் பற்றி இங்கே எழுதி மையை வீணாக்கப்போவதில்லை. தீதி எங்கள் நனைந்த கோலத்தைப் பார்த்தார், கேள்வியே கேட்காமல் சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு மெத்தை விரித்தார்.

உங்கள் சமையலறையைப் பற்றித்தான் நிறைய எழுத ஆசை தீதி. முகட்டின் மேல் ஊற்று இருக்காது, தண்ணீரைக் கீழிருந்து சுமந்து வர வேண்டும். அப்படி வந்த தண்ணீரில் எங்களுக்குக் கால் கழுவ வெந்நீர் வைத்தீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது. குக்கர் விசில் அடிக்க அடிக்க, அடுப்பைச் சுற்றி நாங்கள் ஈர சாக்ஸோடு உட்கார்ந்திருந்தோம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கண்ணில் நீர் வரவைத்த டல்லே மிளகாய் ஊறுகாய். மூன்றாவது முறை சோறு கேட்க வெட்கப்பட்ட எங்கள் கூட்டத்துப் பெரியவருக்கு, கேட்காமலே கரண்டி நிறைய வைத்தீர்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை தேசியப் பூங்கா மூடியிருக்கும். வழிகாட்டியை, நடை தொடங்கும் ஊரான மானேபஞ்சாங்கிலேயே அமர்த்திக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். குடிலில் வெந்நீருக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

தாஜு, நீங்கள் கேட்ட படங்களை அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். தீதிக்கும் முகாமுக்கும் உரியவற்றை உறையின் மேலேயே பெயர் எழுதிப் பிரித்து வைத்திருக்கிறோம், அடுத்த முறை மேலே போகும்போது கொடுத்துவிடுங்கள். கட்டுப்போட்ட ஷூவின் படம் மட்டும் இரண்டு பிரதி இருக்கும். ஒன்று ஜவானுக்கு.

நன்றியுடன்,
கோவையிலிருந்து வந்த ஐந்து பேர்