இருபத்து மூன்று அடித்தல்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

வரும் செப்டம்பரில் முதுகலை படிக்க ஐரோப்பா செல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 1,400 யூரோ. ஆத்தங்குடியில் பார்ப்பவர்கள் எல்லோரும் “எப்படிக் கிடைத்தது?” என்று கேட்கிறார்கள். எதெல்லாம் எனக்குக் கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களால்தான் கிடைத்தது.

காரைக்குடியில் எனக்கு வேதியியல் கற்பித்த பேராசிரியை அம்மாவிடம் முப்பத்தொரு உதவித்தொகைகளை எழுதிவைத்த நோட்டை நீட்டினேன். காபி ஆறுவதற்குள் இருபத்து மூன்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பிரிட்டனின் செவனிங் கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம், அடி. வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கு ஜெர்மனியின் டிஏஏடி தரும் தொகைக்கும் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், அடி. பாதிக் கட்டணத் தள்ளுபடி என்று பளபளத்தவற்றைப் பார்த்து, “மீதிப் பாதிக்கு வீட்டை விற்பீர்களா?” என்றார். மிஞ்சிய எட்டில், இறுதியாண்டு மாணவர்களையும் ஏற்கும் எராஸ்மஸ் இருந்தது. அன்று எனக்கு அழுகைதான் வந்தது. அம்மா, அதற்காக இப்போது மன்னிப்பும் நன்றியும்.

பிரான்சில் படிக்கும் தேவகோட்டை அண்ணன் என் நோக்கக் கடிதத்தை நான்கு முறை திருப்பி அனுப்பினார். “சிறு வயது முதலே அறிவியலில் தணியாத ஆர்வம்” என்று தொடங்கியிருந்தேன். “இதை எல்லோரும் எழுதுவார்கள். உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டார். அப்பா ஆத்தங்குடித் தரைக் கல் செய்பவர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றுவார். அதன் மேல் சிமெண்டும் மணலும். கல் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் போய்விடும். சூளையே இல்லாமல் எப்படி இறுகுகிறது, ஏன் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்று பத்து வயதில் கேட்டு அப்பாவை நச்சரித்திருக்கிறேன். ஐந்தாவது கடிதம் அங்கிருந்து தொடங்கியது.

விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டாயம். நமக்கு ஏது? மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒருத்திதான் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்க நோட்டரி வரை கூடவே அலைந்த இ-சேவை மையத்து அண்ணனுக்கு நன்றி. ஸ்கேன் எடுத்ததற்குக்கூட அவர் காசு வாங்கவில்லை.

இடையில் ஒரு ஏஜென்சி, நாற்பதாயிரம் கட்டினால் உதவித்தொகை உறுதி என்றது. அப்பா கிளம்பியே விட்டார். தடுத்தவர் எதிர்வீட்டு ஆச்சி. “நமக்குப் பணம் கொடுக்கிறவன் எதற்கப்பா நம்மிடம் பணம் கேட்கிறான்?” என்றார். மறுவாரம் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் கட்டணம் பதினேழாயிரத்தை ஓலைக் கொட்டானிலிருந்து எண்ணிக் கொடுத்தவரும் அவரே. திருப்பிக் கொடுக்கப் போனால் பலகாரம் கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஆச்சி, முதல் மாத யூரோவில் அது வந்து சேரும். பலகாரத்தால் தடுக்க முடியாது.

முடிவு வந்தபோது நான் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது. ஐந்து வாரம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனத்துக்கும் நன்றி.

அடித்தல்களுடன் அந்த நோட்டு இ-சேவை மையத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தேதிகள் சென்ற ஆண்டுக்கானவை, புதியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

நன்றியுடன்,
ஆத்தங்குடி மாணவி