முத்துப்பட்டன் கதையைப் படமாக எடுத்தால்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேறுகாலம் நல்லபடியாக முடிந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், பேரனைப் பார்க்கக் கிளம்பணும் என்று முட்டி வலியையும் மறந்து நிற்கிறாள். இங்கே கார் நடவு இன்னும் ஆகவில்லை, அணை திறப்பதற்குள் நாற்று முற்றிவிடும் போல. சரி, அதை விடு.

கறுப்பு நடிகரை ஸ்காட்லாந்து ராஜாவாகப் போட்டால் யார் நம்புவார்கள் என்று கேட்டிருந்தாய். ஷேக்ஸ்பியர் நாடகத்தை வைத்து எடுத்த, கறுப்பரான டென்சல் வாஷிங்டன் அந்த ராஜாவாக நடித்த 2021 மக்பெத் படத்தை நான் பார்த்தேன் ஏட்டி. அவர் நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒருத்தரும் வாயே திறப்பதில்லை. கண்ணில் படுவது வயசுதான்: தலை நரைத்த புருஷன் பெண்டாட்டி, பிள்ளை இல்லை, இப்போது விட்டால் பட்டம் இனி கிடைக்காது என்கிற அவசரம். நம் ஊர்க் கோயில் கொடையில் நடக்கிற கணியான் கூத்தில் ஆம்பளை சேலை கட்டி ஆடுகிறானே, திருவிழா பார்க்க வந்த யாருக்காவது அது உறுத்தியிருக்கிறதா?

ஆனால் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ விஷயம் வேறு. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிய கறுப்புத் தளபதி அவன், அங்கே நிறமே கதை. 1833-லேயே லண்டன் மேடையில் ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பர் ஒத்தெல்லோவாக நின்றுவிட்டார், 1943-ல் பிராட்வேயில் பால் ரோப்சன் தொடங்கிய நாடகம் 296 காட்சி ஓடியது, இவ்வளவுக்கும் பிறகு 1965-ல் படம் எடுக்கும்போது லாரன்ஸ் ஆலிவியர் உடம்பெல்லாம் கறுப்பு மை பூசிக்கொண்டு வந்தார், அதற்கு ஆஸ்கார் பரிந்துரை வேறு. ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிப் படத்தில் கறுப்பு ஒத்தெல்லோவைப் பார்க்க 1995-ல் லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் வரவேண்டியிருந்தது. ஆள் இல்லாமல் இல்லை, கொடுக்க மனசில்லை. நம் சினிமாவில் சிவத்த பெண்ணுக்கு மை தடவி கிராமத்துக்காரி ஆக்குவதைப் பார்த்தே வளர்ந்த நாம் ஆலிவியரை மட்டும் திட்டினால் எப்படி?

மலையாளத்தில் 1997-ல் ஜெயராஜ் எடுத்த 'களியாட்டம்' பார். ஒத்தெல்லோ அங்கே தெய்யம் கட்டுகிற, அதாவது சாமி வேஷம் போட்டு ஆடுகிற, பெருமலையன், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கோலம் கட்டியிருக்கும்வரை ஊரே கையெடுத்துக் கும்பிடும், கலைத்துவிட்டால் கீழ்ச்சாதிக்காரன். கட்டியிருப்பதோ பெரிய வீட்டுப் பெண்ணை. ஒத்தெல்லோவின் மனசில் சந்தேகத்தைக் கிளப்புகிற கைக்குட்டைக்குப் பதில் இங்கே ஒரு பட்டு. நிறம் இருந்த இடத்தில் சாதியைக் கொண்டுவந்து வைத்தார் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. சுரேஷ் கோபிக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு போயிருந்தோம். சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சன்னதியில், நம் முத்துப்பட்டன்தான் அங்கே பட்டவராயன், கொத்துக் கொத்தாகத் தோல் செருப்பு, மணி கட்டியதுகூட உண்டு, நேர்ச்சைக்குக் கொண்டுவந்து போட்டது. அங்கே நிற்கும்போது உன் கேள்விதான் ஞாபகம் வந்தது. முத்துப்பட்டன் கதையை யாராவது படமாக எடுத்தால்? பூணூலை அறுத்துவிட்டு செருப்புத் தைக்க உட்கார்ந்த பிராமணன் வேஷத்துக்கு ஹீரோக்கள் வரிசையில் நிற்பார்கள். அவன் கட்டிய அருந்ததியர் அக்கா தங்கை பொம்மக்கா, திம்மக்கா வேஷத்துக்கு யார்? அருந்ததியர் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிடுவார்களா, இல்லை மும்பையிலிருந்து இறக்கி மை தடவுவார்களா?

அதைவிட எனக்குப் பயம் இன்னொன்று. அந்தப் பெண்கள் காட்டில் கிடந்த பிராமணக் குழந்தைகள், செருப்புத் தைக்கிற வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று கதையை மாற்றிச் சொல்கிற ஒரு பாடம் வில்லுப்பாட்டில் உண்டு. சாதி மீறலே நடக்கவில்லை என்று ஆக்க யாரோ செருகியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தயாரிப்பாளர் கையில் கிடைத்தால் அதைத்தான் பிடித்துக்கொள்வார், பிரச்சினை வராதே. அப்புறம் எந்த வீட்டுப் பெண்ணை நடிக்க வைத்து என்ன?

உங்க அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா இன்னும் வில்லுக்குப் போகிறாரா? அவர் பாடுவது எந்தப் பாடம் என்று கேட்டு எழுது. சண்டைக்கு இழுக்காதே, வயசானவர். பேரன் ஃபோட்டோவை அம்மா தினம் கேட்கிறாள், அதையும் அனுப்பு.

அன்புடன்,
பேச்சி