அருபாவின் காற்றடிக்கும் கரைக்கு ஜீப்பில் போவது பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. தங்கச்சிக்கும் சின்னவனுக்கும் என் அன்பைச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

டிசம்பரில் குடும்பத்தோடு கரீபியன் தீவான அருபாவுக்குப் போவதாகவும், அங்கே ஒரு நாள் ஜீப் பயணத்துக்கு ஒதுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். கட்டாயம் ஒதுக்கு. ஹோட்டல்கள் இருக்கும் பாம் பீச், ஈகிள் பீச் பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் தீவின் அமைதியான முகத்தை மட்டும்தான் பார்த்திருப்பாய். அங்கே காற்று வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து வீசுகிறது. அதனால் மேற்குக் கரை குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்குக் கரையில் கடல் பாறையோடு மோதிக்கொண்டே இருக்கும். தீவின் நீளம் 32 கிலோமீட்டர்தான், அகலம் அதிகபட்சம் 10. ஆனாலும் அந்த இரண்டு கரைகளும் ஒரே தீவு என்று நம்பவே முடியாது. நல்ல சாலை பெரும்பாலும் மேற்கிலும் தெற்கிலும்தான். காற்றடிக்கும் கரையில் பல இடங்களில் மண்தடமும் கல்தடமும்தான். ஜீப் தேவைப்படுவது அதனால்தான்.

வாடகைக்கு ஜீப் எடுத்து நீயே ஓட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முதல் முறை போகும்போது வேண்டாம். வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்று ஒரு வரி இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் அப்போது உன் தலையில்தான். அந்த மூன்றுக்குத்தான் அங்கே அடியும் விழும். தடங்கள் பத்தாகப் பிரியும், பலகை இருக்காது, செல்போன் சிக்னலும் சில இடங்களில் நிற்காது. சிறிய திறந்த பகி வண்டிகளையும் நாலு சக்கர மோட்டார் சைக்கிள்களையும் அரிக்கோக் தேசியப் பூங்காவுக்குள் விடுவதில்லை. அதனால் அவற்றில் கூட்டிப்போகும் சுற்றுலா எவ்வளவு மலிவாக இருந்தாலும் தீவின் சிறந்த பகுதியைக் காட்ட முடியாது. தீவின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பூங்காதான்.

வழிகாட்டியோடு போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பின்பக்கம் பெஞ்சு பொருத்திய லேண்ட் ரோவர் போன்ற வண்டி, வழிகாட்டியே ஓட்டுவார். இன்னொன்று, வழிகாட்டி முன்னால் போக, நீங்கள் ஆளுக்கொரு ரேங்லர் ஜீப்பில் வரிசையாகப் பின்தொடர்வது. எதைத் தேர்ந்தாலும், பதிவு செய்யும் முன் இவற்றைக் கேட்டுவிடு: பூங்கா நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? எல்லா இருக்கைக்கும் பெல்ட் உண்டா? எத்தனை ஸ்டெப்னி டயர் எடுத்துப் போகிறார்கள்? ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? ஸ்டெப்னி ஒன்றுதான் என்றால் நான் யோசிப்பேன். ஒரு பஞ்சர் ஆனதும் அதை மாட்டிவிடுவார்கள், மீதி வழி முழுக்க மாற்று டயர் இல்லாத வண்டி.

அப்பாவும் வருகிறார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு முதுகில் டிஸ்க் தொல்லை இருந்ததே, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பின் அச்சுக்குப் பின்னால் உட்காருபவர்தான் அதிகமாகத் தூக்கி எறியப்படுவார். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காருபவருக்கு ஆட்டம் குறைவு. அதோடு, பக்கவாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தால் வண்டி முன்னும் பின்னும் குலுங்கும்போது இடுப்பு ஒரு பக்கமாக ஒடியும், பிடித்துக்கொள்ளவும் வசதி இருக்காது. முதுகுவலிக்காரர்களையும் கர்ப்பிணிகளையும் பல இடங்களில் ஏற்றவே மாட்டார்கள், அது சரியான விதிதான். அப்பாவுக்கு இரண்டே வழி. ஒன்று, ஓட்டுநர் பக்கத்து முன் இருக்கையை எழுத்தில் உறுதிசெய்து வாங்கு. அதைவிட நல்ல வழி, அவரை ஜீப்பில் ஏற்றாமலே பூங்காவைக் காட்டுவது. சான் ஃபுவேகோ நுழைவாயிலிலிருந்து போக்கா பிரின்ஸ் கடற்கரையும் குகைகளும் வரைக்கும் நல்ல சாலை இருக்கிறது, சாதாரண காரே போகும். ஒரு நாள் அவரோடு காரில் அங்கே போங்கள், மறுநாள் நீயும் பிள்ளைகளும் ஜீப்பில் கல்தடம் போங்கள்.

நீயே ஸ்டீயரிங் பிடிக்கும் வகை என்றால், அங்கே வலதுபக்கம் ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஓட்டுகிற உனக்கு அது பழக்கம்தான். நாலு சக்கர ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரேங்லரில் கியருக்குப் பக்கத்தில் சின்ன நெம்பு ஒன்று இருக்கும். 2எச் (இரண்டு சக்கர ஓட்டம்) தார்ச்சாலைக்கு, 4எச் (நாலு சக்கரம், சாதாரண வேகம்) வழுக்கும் மண்ணுக்கு, 4எல் (நாலு சக்கரம், மெதுவான வேகம்) செங்குத்துக்கும் கல்லுக்கும். 4எல் போட வண்டியை நிறுத்து, அல்லது மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிடு. கியரை நியூட்ரலில் வைத்து, நெம்பைத் தயங்காமல் ஒரே இழுப்பாக இழு. பாதியில் நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துவிடும் பெட்டி, நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். அப்போது கியர் பார்க்கில் இருந்தாலும் வண்டி உருளும், கை பிரேக் மட்டும்தான் பிடிக்கும். இறக்கத்தின் தலைப்பில் இந்தப் பிழை வந்தால் ஆபத்து, அதனால் சமதரையிலேயே மாற்றிவிடு. திரும்பித் தாருக்கு வந்ததும் 2எச்சுக்கு வந்துவிடு; மறந்தால் திருப்பங்களில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்ற முடியாமல் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் கனக்கும், பல்சக்கரங்கள் தேயும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துப் பிடிக்காதே. 4எல், முதல் கியர், காலை எடுத்துவிடு, எஞ்சினே பிடிக்கும். 4எல் வேகத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற விகிதம் சாதாரண ரேங்லரில் 2.72, ரூபிகான் என்ற ரேங்லர் ரகத்தில் 4. அதாவது ரூபிகான் இன்னும் மெதுவாக, நடையைவிடக் குறைவாக இறங்கும். கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் வைக்காதே. முன் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் திடீரென்று சுழன்று விரலைப் பெயர்த்துவிடும். வெளிப்பக்கமாகவே பிடி.

டயரில் காற்று விஷயம் அங்கே கொஞ்சம் நுட்பமானது. மணலில் போக 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20 வரை குறைப்பது வழக்கம், டயர் பரந்து மிதக்கும். ஆனால் அருபாவில் ஒரே பயணத்தில் மூன்று வகை நிலம் வரும். தீவின் ஓரமாகப் பழைய பவளத்தால் ஆன சுண்ணாம்புப் பாறை, ஜமனோட்டா குன்றுப் பக்கம் பழைய எரிமலைக் கல், நடுவில் டயரைட் பாறை உதிர்ந்த பருமணல். சுண்ணாம்புப் பாறையின் விளிம்பு கத்தி மாதிரி. காற்று ரொம்பக் குறைந்தால் டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்கும், அந்தப் பாறை அங்கேதான் கிழிக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒட்டுப்போட முடியாது. அதனால் நல்ல ஓட்டுநர்கள் அங்கே நடுத்தரமாக வைத்து, கல்லைச் சக்கரத்தின் ஓரத்தில் உரசவிடாமல் டயரின் நடுவால் ஏறுவார்கள். வரிசையில் போகும்போது முன்வண்டியின் புழுதி அடங்கும் வரை இடைவெளி விடு. புழுதிக்குள் ஓட்டினால் பள்ளம் தெரியாது, முன்வண்டி நின்றதும் தெரியாது.

வழி பெரும்பாலும் வடமேற்கு முனையிலிருந்து தொடங்கும். கலிஃபோர்னியா கலங்கரை விளக்கம், 1891இல் அங்கே மூழ்கிய கலிஃபோர்னியா என்ற கப்பலின் பெயர் கொண்டது. பிறகு ஆல்ட்டோ விஸ்டா தேவாலயம். முதலில் 1750இல் கட்டியது, இப்போது நிற்பது 1952இல் கட்டியது. புஷிரிபானாவில் தங்க ஆலையின் கல்சுவர்கள் நிற்கின்றன. தீவில் தங்கம் கண்டெடுத்தது 1824இல், இந்த ஆலை வந்தது 1872இல். அதற்கும் அப்பால் இயற்கைப் பாலம் இருந்த இடம். 2005 செப்டம்பர் 2ஆம் தேதி அது இடிந்து கடலில் விழுந்துவிட்டது. சுண்ணாம்புப் பாறையை அலை அடியில் குடைந்து குடைந்து செய்த பாலம். செய்த அலையே முடித்தும் வைத்தது. பக்கத்தில் குட்டிப் பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது, அதன் மேல் ஏறாதீர்கள்.

நீ அதிக நேரம் ஒதுக்க வேண்டியது கொஞ்சி என்ற இடத்துக்கு. தீவின் பாபியமெண்டோ மொழியில் அதற்குக் கிண்ணம் என்று பொருள். எரிமலைப் பாறைகள் சுற்றி வளைத்த கடற்குளம். பாறை அலையை முறிப்பதால் உள்ளே நீந்தலாம், மீனும் பார்க்கலாம். ஆனால் நீ போவது டிசம்பர். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் புயல் அடித்தால் அதன் பெருஅலை இங்கே வரும், பாறைக்கு மேலாகவே நீர் கொட்டும். அப்போது குளத்தில் இருப்பவரைப் பாறையோடு சேர்த்து அடித்துவிடும். அந்த நாட்களில் நீந்த விடமாட்டார்கள், சில நேரம் வழியையே மூடிவிடுவார்கள். அதனால் தங்கும் நாட்களில் முதல் நாட்களுக்கே பதிவு செய், தள்ளிப்போனாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். கால் மாட்டும் ரப்பர் செருப்பு கட்டாயம். பாறை வழுக்கும், கிழிக்கும், கடல் முள்ளெலியும் உண்டு. பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கேட்டு வாங்கு. அந்தக் கரையின் வேறு எந்த இடத்திலும், டோஸ் பிளாயா கடற்கரை எவ்வளவு அழகாகக் கிடந்தாலும், கடலில் இறங்கவேண்டாம். திரும்பி இழுக்கும் நீரோட்டம் அங்கே பொல்லாதது.

டிசம்பரில் இன்னொன்றும் உண்டு. அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் அங்கே மழை. வறண்டு கிடக்கும் ஓடைகளை ரோய் என்பார்கள், நம் ஊர்க் காட்டோடை மாதிரி. குன்றில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். ஓடும் நீரை வழிகாட்டி இறங்கி நடந்து பார்க்காமல் தாண்டச் சொன்னால் மறுத்துவிடு.

வெயிலைப் பற்றி எழுதவே தேவையில்லை என்று நினைக்காதே. அருபா இருப்பது நம் கிருஷ்ணகிரி இருக்கும் அதே 12.5 பாகை அட்சரேகையில்தான், வெயில் நமக்குத் தெரிந்த வெயில்தான். ஆனால் காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே இருப்பதால் சூடு உறைக்காது, மாலையில்தான் தோல் உரிந்தது தெரியும். முழுக்கைச் சட்டை, கழுத்திலும் மூக்கிலும் சுற்றிக்கொள்ள ஒரு துணி, கயிறு கட்டிய தொப்பி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். கடல்நீரைச் சுத்திகரித்தது, நல்ல ருசி. சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன் இல்லாததாகப் பார். பவளத்துக்குக் கெடுதல் என்று 2020 முதல் அங்கே தடை. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதே. பாஸ்டேச்சி என்று ஒரு பலகாரம் விற்பார்கள், நம் சோமாசி மாதிரி மடித்துப் பொரித்தது; கேஷி என்று கேட்டால் சீஸ் வைத்தது கிடைக்கும், தங்கச்சி சாப்பிடலாம். வாந்தி மாத்திரை தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

காலை வேளையையே தேர்ந்தெடு. பூங்கா காலை 8 மணிக்குத் திறந்து பிற்பகல் 4 மணி வாக்கில் மூடிவிடும், பிற்பகல் வண்டிகள் அவசரப்படும். குகைகளுக்கு நேரம் போதாமல் போனால் அது பெரிய இழப்பு. ஃபோன்டெயின் குகையின் கூரையில் பழங்குடியினர் செம்பழுப்பு நிறத்தில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. குவாடிரிகிரியில் கூரைத் துளைகள் வழியே வெயில் தூணாக இறங்கும். வௌவால்கள் இருப்பதால் ஃப்ளாஷ் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தடத்தை விட்டு வண்டியை இறக்கி வேடிக்கை காட்டும் வழிகாட்டி அமைந்தால், வேண்டாம் என்று வாய் திறந்து சொல். மழை குறைந்த அந்த மண்ணில் ஒரு சக்கரத் தடம் பல வருடம் அழியாது. போக்கா பிரின்ஸ் மணற்குன்றுகளைப் பிடித்து நிறுத்தியிருப்பது சின்னச் சின்னக் கொடிகளும் புதர்களும்தான். நிலத்தில் வளை பறித்து வாழும் ஷோக்கோ என்ற சிறு ஆந்தை, அங்கே மட்டுமே வாழும் கஸ்கபெல் என்ற, வாலில் கிலுகிலுப்பை உள்ள விரியன், இவற்றின் வீடு அந்த மண்தான். கரையோரம் கல்மேல் கல் அடுக்கி வேண்டுதல் வைக்கிற பழக்கமும் பயணிகளிடம் பரவியிருக்கிறது, பிள்ளைகளைச் செய்ய விடாதே. அந்தக் கற்களுக்கு அடியில்தான் பல்லிகளும் பூச்சிகளும் ஒதுங்குகின்றன.

வழிகாட்டிக்குக் கட்டணத்தில் 15 சதவீதம் கொடுத்தால் மரியாதையாக இருக்கும். டாலரையே எல்லோரும் வாங்குவார்கள். அங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் போன் தியா, நன்றிக்கு டாங்கி.

கிளம்பும் முன் நுழைவுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப மறந்துவிடாதே, ஆளுக்கு 20 டாலர் கட்டணமும் அதோடு உண்டு. திரும்பும்போது அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அருபா விமான நிலையத்திலேயே நடக்கும், மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

தேதி முடிவானதும் எழுது. அப்பாவிடம் நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்