நெட் தேர்வுக்கு முன்பே மொழியும் கோப்பும்

வெளியுறவுத் துறை ஆய்வாளராக, தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) இடம் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நடைமுறைச் சிக்கல்கள் வேறு.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் 'சர்வதேச மற்றும் பிராந்திய ஆய்வுகள்' தனிப் பாடம். ஆனால் நம் கல்லூரிகளில் இதற்குத் தனித்துறை அரிது. வேலை அறிவிப்பு பெரும்பாலும் அரசியல் அறிவியலுக்கே வரும். எனவே எந்தப் பாடத்தில் நெட் எழுதுவது என்பதை முதுகலைச் சேர்க்கையின்போதே யோசிக்க வேண்டும். 2024 முதல் நெட் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணின் எடை 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களில்தான் தடுமாறுகிறார்கள்.

பலர் சறுக்குவது தலைப்பில். 'இந்தியா – சீனா உறவு' என்று அகலமாக எடுத்துக்கொண்டு, சீன மொழி ஒரு வரிகூடத் தெரியாமல் ஆங்கிலச் செய்திகளை வைத்தே ஆய்வேட்டை நிரப்புகிறார்கள். தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியுறவு அமைச்சகக் கோப்பு எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பல சீட்டுகள் 'என்.டி.' என்ற இரண்டெழுத்தோடு திரும்பும். அமைச்சகத்திலிருந்து காப்பகத்துக்கு 'மாற்றப்படவில்லை' என்று பொருள். அட்டவணையில் எண் இருக்கும், கோப்பு இருக்காது. ரகசிய முத்திரை நீக்கப்படாதவை காப்பகத்துக்கு வருவதே இல்லை. ஆகவே தலைப்பைப் பதிவு செய்யுமுன் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் கோப்புகளைத் தேடிப் பார்ப்பது அவசியம். கச்சத்தீவு போன்ற பொருள் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறைப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் கை சற்று ஓங்கியிருக்கும்.